கைக்கு வந்த சாலை

1989-ல் அமெரிக்க ஆர்கேடுகளுக்கு ஒரு புதிய கார் விளையாட்டு வந்து சேர்ந்தது. அடாரி கேம்ஸ் நிறுவனம் செய்த அந்த எந்திரத்தின் பெயர் 'ஹார்ட் டிரைவின்'. காசு போட்டவுடன் கார் ஓடத் தொடங்கிவிடாது. இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். சாவியைத் திருக வேண்டும். ஆட்டோமேட்டிக் வேண்டாம் என்பவர்கள் கிளட்சை மிதித்துக் கியர் போட வேண்டும். திரையில் தெரிந்ததோ வண்ணப் பலகோணங்களால் ஆன எளிய உலகம். தலைகீழாகச் சுற்றிவர ஒரு வளையம், தாவிக் கடக்க ஒரு திறந்த பாலம், சாலையோரம் ஒரு பசு. பசுமீது மோதினால் 'ம்மா' என்று கத்தும்.

இத்தனை வேடிக்கைக்கு நடுவே ஒரு பாகம் மட்டும் துளியும் விளையாட்டில்லாமல் செய்யப்பட்டிருந்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு மோட்டார் இருந்தது. வளைவில் திரும்பும் காரின் முன் டயர்கள் ஸ்டீயரிங்கை எவ்வளவு வலுவாக நேராக்கப் பார்க்கும் என்று கணினி கணக்கிடும். அந்த அளவுக்கு மோட்டார் ஓட்டுபவரின் கையைத் தள்ளும். அதுவரை வந்த பெரும்பாலான ஆர்கேடு ஸ்டீயரிங்குகள் ஒருவழிப் பாதைகள்: கை திருப்பும், எந்திரம் கேட்டுக்கொள்ளும். இங்கே எந்திரம் பதில் சொன்னது.

இந்த விளையாட்டை உருவாக்கியவர்களின் பட்டியலில் 'சோதனை ஓட்டுநர்' என்று ஒரு பெயர் உண்டு: டக் மில்லிகன். அவருடைய தந்தை வில்லியம் மில்லிகன், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் இருந்த கார்னெல் விமானவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். விமானம் காற்றில் நிலைகுலையாமல் பறப்பதற்கான கணிதத்தைச் சாலையில் ஓடும் காருக்குப் பொருத்திக் காட்டிய முன்னோடிகளில் ஒருவர். ஏட்டறிவோடு நின்றவரும் அல்ல. 1948-ல் வாட்கின்ஸ் கிளென் ஊரில் நடந்த முதல் கார் பந்தயத்தில் தன் புகாட்டியை ஒரு திருப்பத்தில் கவிழ்த்துக்கொண்டார். அந்தத் திருப்பத்துக்கு இன்றும் 'மில்லிகன் கார்னர்' என்றே பெயர். தந்தையும் மகனும் சேர்ந்து எழுதி 1995-ல் வெளிவந்த 'ரேஸ் கார் வெஹிக்கிள் டைனமிக்ஸ்' பந்தயக் கார் பொறியாளர்களின் மேசையில் நிரந்தர இடம்பிடித்த நூல். அப்படிப்பட்ட குடும்பத்தின் கணிதம்தான் அந்தப் பசு மேயும் உலகத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இன்று வீட்டில் கணினித் திரையின்முன் அமர்ந்து கார் பந்தயம் ஓட்டுபவர்கள், அதாவது சிம் ரேசர்கள், ஆயிரக்கணக்கான யூரோ கொடுத்து வாங்கும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டீயரிங்குகள் இந்த வழியில் வந்தவை. கணக்கிடப்பட்ட விசையைக் கைக்குக் கொண்டுபோவது என்ற கருத்து 1989-லேயே தெளிவாகிவிட்டது. அது வழியில் சிந்தாமல் சிதறாமல் கைக்குப் போய்ச்சேர மேலும் கால் நூற்றாண்டு ஆனது.

டயரின் பேச்சு

வேகமாக ஓட்டும் ஒருவருக்கு ஸ்டீயரிங் வழியாக என்ன தெரிகிறது? காரின் முன்சக்கரங்கள் தரையைத் தொடும் இடம், அவை திரும்பும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் விழும்படி அமைக்கப்பட்டிருக்கும். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சிறு சக்கரங்கள் தள்ளும் திசைக்குத் தாமாகவே திரும்பிக்கொள்வதைப் போல, காரின் முன்சக்கரங்களும் எப்போதும் நேராகத் திரும்பிக்கொள்ளவே பார்க்கும். திருப்பத்தில் கைக்குத் தெரியும் எதிர்ப்பில் ஒரு பங்கு இது.

இன்னொரு பங்கு ரப்பரிலிருந்து வருகிறது. வளைவில் டயர் தரையோடு ஒட்டியிருக்கும் உள்ளங்கை அளவுப் பரப்பில் ரப்பர் பக்கவாட்டில் இழுபடுகிறது. அந்தப் பரப்பின் முன்விளிம்பில் இழுவை குறைவு, பின்விளிம்பை நோக்கிப் போகப் போக அதிகம். அதனால் பக்கவாட்டு விசையின் மையம் பரப்பின் நடுவில் விழாமல் கொஞ்சம் பின்னால் விழுகிறது. இதுவும் சக்கரத்தை நேராக்கவே முயல்கிறது.

ஓட்டுநர் இன்னும் வேகமாக, இன்னும் கூர்மையாகத் திருப்பினால் அந்தப் பரப்பின் பின்பகுதி முதலில் வழுக்கத் தொடங்கும். விசையின் மையம் முன்னோக்கி நகரும். டயரின் மொத்தப் பிடி இன்னும் உச்சத்தைத் தொட்டிருக்காது. ஆனால் ஸ்டீயரிங்கின் எதிர்ப்பு அதற்குள் குறையத் தொடங்கிவிடும். கைகளில் ஒரு சின்ன இளக்கம். டயர் பிடியை விடப்போகிறது என்பதற்கான முன்னறிவிப்பு அதுதான். அனுபவசாலிகள் அந்த இளக்கத்தின் விளிம்பிலேயே காரை வைத்து ஓட்டுவார்கள்.

வீட்டு ஸ்டீயரிங் செய்பவர்களின் தலைவலியும் அங்கேதான் தொடங்குகிறது. கையை வலுவாகத் தள்ளுவது சுலபம், பெரிய மோட்டார் போதும். தள்ளிக்கொண்டிருக்கும் விசை நொடியின் சிறு பகுதிக்குள் கொஞ்சமாகக் குறைவதை அப்படியே காட்டுவதுதான் கடினம். மோட்டாருக்கும் கைக்கும் இடையில் உராய்வு இருந்தால் அந்தக் குறைவு உராய்வுக்குள் மறைந்துபோகும். பற்சக்கரங்களுக்கு இடையே தளர்வு இருந்தால் அந்தத் தளர்வில் தொலைந்துபோகும்.

கதிரியக்க அறையிலிருந்து

தூரத்துப் பொருளின் எதிர்ப்பைக் கைக்குக் கொண்டுவரும் தேவை முதலில் எழுந்தது அணு ஆய்வில். சிகாகோவுக்கு அருகிலுள்ள ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ் என்ற பொறியாளர் 1940-களின் இறுதியில் ஓர் இரட்டைக் கருவியைச் செய்தார். தடித்த சுவருக்கு இந்தப் பக்கம் ஆய்வாளர் ஒரு கைப்பிடியை அசைத்தால், அந்தப் பக்கம் கதிரியக்கப் பொருள்களுக்கு நடுவே ஓர் எந்திரக் கை அதேபோல் அசையும். இரண்டும் எந்திர முறையில் இணைக்கப்பட்டிருந்ததால் அந்தப் பக்கத்து எதிர்ப்பு இந்தப் பக்கத்துக் கைக்குத் தானாகவே தெரிந்தது. 1950-களில் இணைப்பை மின்சாரத்துக்கு மாற்றியபோது அந்தத் தொடுஉணர்வு அறுந்துபோகும் நிலை. எதிர்ப்பை அளந்து, ஒரு சர்வோ மோட்டாரை எதிர்த்திசையில் இயக்கி, அதை மீண்டும் கைப்பிடிக்குக் கொண்டுவந்தார் கோர்ட்ஸ்.

அந்த ஆய்வகத்தின் எந்திரக் கைகளில் ஒன்று பின்னர் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போனது. அங்கே ஃபிரெட் புரூக்ஸ் 1967 முதல் 'குரோப்' என்ற ஆய்வுத் திட்டத்தை நடத்திவந்தார். சுவருக்கு அப்பால் இருக்கும் உண்மைப் பொருளுக்குப் பதிலாக, கணினிக்குள் கணக்காக மட்டுமே இருக்கும் மூலக்கூறுகளின் ஈர்ப்பையும் விலக்கத்தையும் வேதியியலாளர்கள் கையால் உணர வேண்டும் என்பது அவர் நோக்கம்.

இந்த ஆய்வுலகத்துக்கும் ஆர்கேடுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கணினி கணக்கிடும் விசையைக் கைக்கு உணர்த்துவது குறித்து 1990-ல் வெளியான ஒரு முக்கிய ஆய்வுக்கட்டுரையை மார்கரெட் மின்ஸ்கியும் புரூக்ஸும் வேறு சிலரோடு சேர்ந்து எழுதியிருந்தார்கள். உடன் எழுதியவர்களில் ஒருவர் மேக்ஸ் பெஹென்ஸ்கி. 'ஹார்ட் டிரைவின்' குழுவில் இருந்த அதே பெஹென்ஸ்கிதான். வேதியியலாளரின் கைப்பிடியும் காசு போட்டு ஓட்டும் காரின் ஸ்டீயரிங்கும் ஒரே கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தன.

ஆர்கேடுகளும் அதற்கு முன் சும்மா இருக்கவில்லை. 1974-ல் அடாரியின் 'கிரான் டிராக் 10' ஸ்டீயரிங், பெடல், கியர் மூன்றையும் ஒரே பெட்டியில் தந்தது. 1976-ல் சேகா ஒரு மோட்டார் சைக்கிள் விளையாட்டில், மோதினால் கைப்பிடி அதிரும்படி செய்தது. 1983-ல் ஜப்பானின் தட்சுமி நிறுவனம் மூன்று திரைகளோடு கொண்டுவந்த 'டிஎக்ஸ்-1' விளையாட்டில் ஸ்டீயரிங்கே நடுங்கியது. இவையெல்லாம் அதிர்வுகள், ஏதோ நடந்தது என்று சொல்லும், டயர் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று சொல்லாது.

ரப்பர் கயிற்றுக் காலம்

வீட்டுக் கணினிகளுக்கு நல்ல கார் விளையாட்டுகள் வந்தபிறகும் நல்ல ஸ்டீயரிங் வரவில்லை. 1989-ல் பாப்பிரஸ் நிறுவனத்தின் 'இண்டியானாபொலிஸ் 500', அதன்பின் ஜெஃப் கிராமண்டின் ஃபார்முலா 1 விளையாட்டு ஆகியவை காரின் இயக்கத்தைக் கணக்காகவே நடத்திக் காட்டின. பலர் அவற்றைக் கீபோர்டு அம்புக்குறிகளாலும் ஜாய்ஸ்டிக்காலும்தான் ஓட்டினார்கள்.

1990-களின் நடுவில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து திரஸ்ட்மாஸ்டர் நிறுவனம் மேசை விளிம்பில் திருகி மாட்டும் ஸ்டீயரிங்கைக் கொண்டுவந்தது. டி1, டி2 என்று வந்த அந்தப் பெட்டிகளுக்குள் மோட்டார் கிடையாது. கைவிட்டால் ஸ்டீயரிங்கை நடுவுக்குக் கொண்டுவந்தது மீள்தன்மையுள்ள ரப்பர் கயிறு. எந்தக் கார் ஆனாலும் எந்தத் திருப்பம் ஆனாலும் அதே எதிர்ப்பு. இன்னும் சொல்லப்போனால் உண்மைக்கு நேர்மாறான எதிர்ப்பு: எவ்வளவு அதிகம் திருப்புகிறோமோ அவ்வளவு அதிகம் இழுக்கும். டயர் பிடிவிடும்போது இளகவேண்டிய இடத்தில் கயிறு இன்னும் இறுகும்.

மோட்டார் வைக்கப் பணம் மட்டும் தடையாக இருக்கவில்லை. அக்காலக் கணினியின் ஜாய்ஸ்டிக் போர்ட், கை சொல்வதை வாங்கிக்கொள்வதற்காக மட்டும் செய்யப்பட்டது. அதன் வழியே கணினி எதையும் திருப்பிச் சொல்ல முடியாது. மைக்ரோசாஃப்ட் 1997-ல் வெளியிட்ட ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஜாய்ஸ்டிக் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டது. இசைக் கருவிகளை இணைக்க அதே போர்ட்டில் இருந்த மிடி கம்பிகள் வழியாக விசைக் கட்டளைகளை அனுப்பியது. விசைக் கட்டுப்பாட்டில் தேர்ந்த எக்ஸோஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 1996-ல் வாங்கியிருந்ததும் இங்கே கைகொடுத்தது.

மறுபுறம், ஸ்டான்ஃபோர்டில் படித்த லூயி ரோசன்பர்க் 1993-ல் தொடங்கிய இம்மெர்ஷன் நிறுவனம் இதே தொழில்நுட்பத்தில் காப்புரிமைகளைக் குவித்து, கருவி செய்பவர்களுக்கு உரிமம் தந்துகொண்டிருந்தது. 1997-ல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் டைரக்ட்எக்ஸ் 5 மென்பொருள், விசையை எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவான ஒரு முறையை வகுத்தது. யூஎஸ்பியும் பரவலானது. 1990-களின் இறுதியில் மைக்ரோசாஃப்ட்டின் சைட்விண்டரும் லாஜிடெக்கின் விங்மேன் ஃபார்முலா ஃபோர்ஸும் மோட்டார் உள்ள ஸ்டீயரிங்கை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தன.

டைரக்ட்எக்ஸ் வகுத்த முறையில் ஆயத்த விசைகள் பல இருந்தன: ஸ்பிரிங் போல ஒன்று, நடுக்கம் போல ஒன்று, திணறல் போல ஒன்று. புல்லில் ஏறினால் நடுங்கு, சுவரில் மோதினால் உதறு என்று விளையாட்டு சொல்லும். நுட்பமான சிமுலேட்டர்களை எழுதியவர்கள் மெல்ல மெல்ல இவற்றை ஒதுக்கிவிட்டு, இருப்பதிலேயே எளிய விசையைப் பிடித்துக்கொண்டார்கள். 'இந்தத் திசையில் இவ்வளவு தள்ளு' என்ற ஒரே கட்டளை, நொடிக்குப் பல முறை மாற்றி மாற்றி அனுப்பப்பட்டது. தள்ளும் அளவை டயர் கணக்கே தீர்மானித்தது. புல்லுக்கென்று தனி நடுக்கம் தேவையில்லை. டயர் புல்லில் உருளும்போது கணக்கே நடுங்கும்.

பற்சக்கரமும் பெல்ட்டும்

சுவிட்சர்லாந்தில் பிறந்து மவுஸ் விற்று வளர்ந்த லாஜிடெக், ஸ்டீயரிங்கை வீட்டுப் பொருளாக்கியதற்குப் பாதிக் காரணம் ஒரு ஜப்பானிய விளையாட்டு. கசுனோரி யாமவுச்சியின் குழு 1997-ல் வெளியிட்ட 'கிரான் டூரிஸ்மோ' பிளேஸ்டேஷனில் கார் பித்தர்களின் ஒரு தலைமுறையையே உருவாக்கியது. அதன் மூன்றாம் பாகத்தோடு 2001-ல் லாஜிடெக்கின் ஜிடி ஃபோர்ஸ் வந்தது. ஒரு முழுச் சுற்றுக்கூடச் சுற்றாத சிறிய ஸ்டீயரிங் அது. நான்காம் பாகத்துக்கு முன்னோடியாக வந்த பதிப்பை ஒட்டி வெளியான டிரைவிங் ஃபோர்ஸ் புரோ 900 பாகை, அதாவது சாதாரணக் காரைப் போல இரண்டரைச் சுற்று, சுற்றியது.

2006-ல் வந்த ஜி25 ஒரு காலகட்டத்தின் அடையாளம் ஆயிற்று. தோல் சுற்றிய ஸ்டீயரிங், கிளட்ச் சேர்த்து மூன்று பெடல், ஆறு கியர் கொண்ட எச் வடிவக் கியர்த்தடி. ரிவர்ஸுக்குத் தடியைக் கீழே அழுத்திப் போட வேண்டும். உள்ளே இரண்டு சிறிய மோட்டார்கள், சத்தத்தைக் குறைக்கச் சாய்வாக வெட்டிய பற்கள் கொண்ட சக்கரங்கள். விலை சுமார் 300 டாலர். பிறகு வந்த ஜி27, ஜி29, ஜி923 எல்லாம் இதே குடும்பம்.

சின்ன மோட்டார் வேகமாகச் சுழலும், ஆனால் வலு குறைவு. பற்சக்கரங்கள் அந்த வேகத்தை வலுவாக மாற்றித் தருகின்றன. விலை குறைவதற்கு அதுவே வழி. கூடவே மோட்டாரின் உராய்வும் அதே மடங்கில் பெருகிக் கைக்கு வருகிறது. ஸ்டீயரிங்கின் நடுப்பகுதியில் வண்டி நேராக ஓடும்போது பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான மெல்லிய தளர்வில் ஒரு வெற்றிடம் தெரியும். கரடுமுரடான தடத்தில் பற்கள் கடகடவென்று அடித்துக்கொள்ளும் ஓசை பக்கத்து அறைவரை கேட்கும். கைக்குக் கிடைத்த முறுக்குவிசையோ 2 நியூட்டன் மீட்டரை ஒட்டியதுதான். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பில் அது ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான எடையைத் தாங்குவதற்குச் சமம்.

பற்களை அகற்றிப் பெல்ட்டைக் கொண்டுவந்தது அடுத்த படி. ஜெர்மனியின் லாண்ட்ஸ்ஹூட் நகரில் 1997-ல் தொடங்கப்பட்ட எண்டோர் நிறுவனம், ஃபனாடெக் என்ற பெயரில் போர்ஷே உரிமம் பெற்ற ஸ்டீயரிங்குகளை விற்றுவந்தது. பிரெஞ்சு கில்லமோ நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்த திரஸ்ட்மாஸ்டர், 'கிரான் டூரிஸ்மோ 5' வெளியான காலத்தில் டி500 ஆர்எஸ் என்ற பெல்ட் ஸ்டீயரிங்கைக் கொண்டுவந்தது. கடகட ஓசை போயிற்று. எதிர்ப்பு வழவழப்பாக, வலுவாக ஆயிற்று. ஆனால் பெல்ட் என்பது ரப்பர். நுண்ணிய, வேகமான மாற்றங்களைக் கொஞ்சம் விழுங்கிவிட்டுத்தான் கைக்குத் தரும்.

மோட்டாரையும் ஸ்டீயரிங் விளிம்பையும் பிரித்து விற்கும் வழக்கத்தையும் ஃபனாடெக் பரவலாக்கியது. மோட்டார்ப் பெட்டி ஒன்று, அதில் மாட்டிக் கழற்ற வட்டமானதும் தட்டையானதுமாகப் பல ஸ்டீயரிங்குகள். வாங்கியவர் ஒருமுறையோடு நிறுத்தாமல் தொடர்ந்து வாங்கவும் அது வழி வகுத்தது.

தொழிற்சாலை மோட்டார் வீட்டுக்கு வந்தது

ஸ்டீயரிங்கை மோட்டாரின் தண்டிலேயே நேராக மாட்டிவிட்டால் என்ன? பல்லும் இல்லை, பெல்ட்டும் இல்லை. டைரக்ட் டிரைவ் என்று பெயர்பெற்ற இந்த யோசனை புதிதல்ல. அதற்கேற்ற மோட்டார்தான் விலையாக இருந்தது. மெதுவாகச் சுழலும்போதும் வலுவாகத் தள்ளக்கூடிய பெரிய மோட்டார் வேண்டும். தண்டு எந்த நிலையில் நிற்கிறது என்பதை மிக நுட்பமாக அளக்கும் என்கோடரும் வேண்டும். இங்கிலாந்தில் பந்தயத் தடத்துக்குப் பேர்போன சில்வர்ஸ்டோனில் இருந்து லியோ போட்னரின் நிறுவனம் விற்ற சிம்ஸ்டீயரிங், இந்த வகையின் முதல் முழுமையான கருவிகளில் ஒன்று. பந்தய அணிகளும் கைநிறையப் பணம் உள்ள தனியாட்களும் வாங்கும் விலை அது.

விலையை உடைத்தவர்கள் பொழுதுபோக்குக் கைவினைஞர்கள். 2010-களின் முற்பாதியில் ஓபன் சிம் வீல் என்ற திட்டம் உருவானது. அதற்கு முதலாளி கிடையாது. தொழிற்சாலைகளில் கணினி கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் சிஎன்சி எந்திரங்களில் ஓடும் சர்வோ மோட்டார்கள் சீனாவில் மலிவாகக் கிடைப்பதை யாரோ கவனித்தார்கள். மிகே என்ற தயாரிப்பாளரின் 130 மில்லிமீட்டர் முகப்புள்ள மோட்டார் இந்த வட்டாரத்தில் பிரபலமானது. அதை இயக்க ஃபின்லாந்தின் கிரானைட் டிவைசஸ் நிறுவனம் செய்த ஆர்கான் என்ற சர்வோ டிரைவ். விளையாட்டின் யூஎஸ்பி கட்டளையை டிரைவுக்குப் புரியவைக்க, பொறியியல் மாணவர்கள் வாங்கும் விலையில் கிடைக்கும் எஸ்டிஎம்32 என்ற சிறு கணிப்பலகையும், அதில் ஏற்ற ஆர்வலர் ஒருவர் எழுதிய எம்எம்ஓஎஸ் என்ற மென்பொருளும்.

கட்டி முடித்ததைப் பார்த்தால் விளையாட்டுச் சாமான் என்று யாரும் நம்பமாட்டார்கள். அலுமினியச் சட்டத்தின் முன்னால் பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும் மோட்டார். அதன் தண்டில் உண்மைக் காரின் ஸ்டீயரிங், ஆறு போல்ட்டுகளில். பக்கத்தில் ஓர் உலோகப் பெட்டிக்குள் மின்வழங்கி, டிரைவ், ஒரு தடித்த மின்தடை. ஓட்டுபவர் ஸ்டீயரிங்கை மோட்டாருக்கு எதிராக வலுவாகத் திருப்பும்போது மோட்டார் ஒரு ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பியனுப்பும். அந்த மின்சாரத்தை வெப்பமாக்கி அழிப்பதற்குத்தான் அந்த மின்தடை. எல்லாவற்றுக்கும் மேலே, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். ஏதாவது தவறினால் மோட்டாரின் வலுவை உடனே துண்டிக்க அது வேண்டும். 20 நியூட்டன் மீட்டரில் தறிகெட்டுச் சுழலும் ஸ்டீயரிங் விரலையும் மணிக்கட்டையும் பதம் பார்த்துவிடும்.

உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்த கிரானைட் டிவைசஸ், தன் டிரைவை வாங்குபவர்களில் கணிசமானோர் தொழிற்சாலைக்காரர்கள் அல்ல, வீட்டில் கார் ஓட்டுபவர்கள் என்பதைக் கண்டுகொண்டது. 2017-ல் சிமுக்யூப் என்ற பெயரில் சிம் ரேசிங்குக்கென்றே கட்டுப்பாட்டுப் பலகை. 2019-ல் மோட்டார், டிரைவ், கணிப்பலகை எல்லாம் ஒரே உடலுக்குள் அடங்கிய சிமுக்யூப் 2. மூன்று அளவுகள்: 17, 25, 32 நியூட்டன் மீட்டர். சிறியதன் என்கோடரே ஒரு சுற்றை 22 பிட் நுட்பத்தில், அதாவது 40 லட்சத்துக்கும் மேற்பட்ட நிலைகளாகப் பிரித்து அளக்கிறது. பெரியதன் விலை 3,000 யூரோவைத் தாண்டியது. ஸ்டீயரிங் விளிம்பும் பெடலும் தனி.

பெரிய நிறுவனங்கள் பின்னால் வந்தன. ஃபனாடெக்கின் போடியம் டிடி1, டிடி2 இரண்டும் 20, 25 நியூட்டன் மீட்டர்; விலை 1,200 யூரோவிலும் 1,500 யூரோவிலும் தொடங்கியது. 2021-ல் அதே நிறுவனம் சிஎஸ்எல் டிடி என்ற சின்னப் பெட்டியை 350 யூரோவுக்குத் தந்தபோது சந்தையே புரண்டது. வலு 5 நியூட்டன் மீட்டர், கூடுதல் மின்வழங்கி வாங்கினால் 8. பற்சக்கர ஸ்டீயரிங் வாங்கும் பணத்துக்குக் கொஞ்சம் மேலே போட்டால் நேரடி மோட்டார் என்ற நிலை வந்துவிட்டது. ஷென்ஜெனின் மோசா, கணினிக் குளிர்விப்பான்களுக்குப் பேர்போன டென்மார்க்கின் அசெடெக், கடைசியில் 2022-ல் 11 நியூட்டன் மீட்டரோடு லாஜிடெக், அதே ஆண்டில் திரஸ்ட்மாஸ்டர் என்று எல்லோரும் நேரடி மோட்டாருக்கு வந்து சேர்ந்தார்கள்.

முதலில் வந்ததால் மட்டும் பிழைத்துவிட முடியவில்லை. ஃபனாடெக்கை நடத்திய எண்டோர் நிறுவனம் 2024 ஜூலையில் திவால் நடைமுறைக்குப் போனது. அதே ஆண்டு அமெரிக்காவின் கோர்செயர் ஃபனாடெக்கை வாங்கிக்கொண்டது.

அறைக்கும் தடத்துக்கும் நடுவே

வீட்டு ஸ்டீயரிங்கால் உண்மையாகவே ஓட்டக் கற்க முடியுமா, இல்லை வெறும் விளையாட்டா என்ற கேள்விக்குப் பந்தயத் தடமே பதில் சொல்லிவிட்டது. நிசானும் சோனியும் 2008-ல் தொடங்கிய ஜிடி அகாடமி, 'கிரான் டூரிஸ்மோ' ஓட்டிய இளைஞர்களில் தேறியவர்களை உண்மைக் காரில் உட்கார வைத்தது. முதல் வெற்றியாளர் ஸ்பெயினின் லூகாஸ் ஓர்டோனியெஸ், 2011-ல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் அணியோடு எல்எம்பி2 பிரிவில் இரண்டாவதாக வந்தார். அந்த ஆண்டு தேர்வான ஜான் மார்டன்பரோவின் வாழ்க்கை 2023-ல் சினிமாவும் ஆனது. அமெரிக்காவின் வில்லியம் பைரன், உண்மைக் காரைத் தொடுமுன் ஐரேசிங் என்ற சிமுலேட்டரில் ஓட்டிப் பழகியவர். பின்னாளில் டேடோனா 500 பந்தயத்தை 2024, 2025 என்று அடுத்தடுத்து வென்றார். அந்த ஐரேசிங்கை உருவாக்கிய டேவிட் கேமர், பாப்பிரஸில் 'இண்டியானாபொலிஸ் 500' எழுதிய அதே ஆள்.

2020-ல் கொரோனா தடங்களைப் பூட்டியபோது போக்குவரத்து எதிர்த்திசையிலும் நடந்தது. ஃபார்முலா 1 ஓட்டுநர்கள் வீட்டிலிருந்தே போட்டி போட்டார்கள். ஜூன் மாதம் லே மான் பந்தயமே மெய்நிகராக 24 மணி நேரம் ஓடியது. மறு ஆண்டு பிஎம்டபிள்யூ எம்4 ஜிடி3 பந்தயக் காருக்காக ஃபனாடெக் செய்த ஸ்டீயரிங் விளிம்பு, தடத்தில் ஓடும் காரிலும் வீட்டு மோட்டாரிலும் அப்படியே மாட்டக்கூடியது. காரிலிருந்து கழற்றிய பொருளைச் சிம் ரேசர்கள் தேடி வாங்கிய காலம் போய், இரண்டுக்கும் ஒரே பொருள்.

ஆனால் அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு குறை தீரவில்லை. உண்மைக் காரில் பின்சக்கரம் வழுக்கினால் இடுப்புக்கு முதலில் தெரியும். உடல் பக்கவாட்டில் தள்ளப்படுவதைக் காதின் உட்பகுதி உணரும். நாற்காலியில் அது எதுவும் இல்லை. எனவே கைக்கு உரியதல்லாத செய்திகளையும் ஸ்டீயரிங் வழியாகவே அனுப்பலாமா என்பதில் இன்றும் இரு கட்சி உண்டு. என்ஜின் அதிர்வு, ஏபிஎஸ் துடிப்பு, பின்சக்கர வழுக்கல் எல்லாவற்றையும் கைக்குக் கொடு என்கிறது ஒன்று. உண்மைக் காரின் ஸ்டீயரிங் தண்டில் வராத எதுவும் வேண்டாம் என்கிறது மற்றொன்று. ஐரேசிங் நெடுங்காலம் இரண்டாவது கட்சிக்காரர்களின் கோட்டையாக இருந்தது. அதிலும் ஒரு சிக்கல்: அதன் இயற்பியல் நொடிக்கு 360 முறை கணக்குப் போட்டாலும் ஸ்டீயரிங்குக்கு 60 முறைதான் புதிய கட்டளை போனது. மோட்டார்கள் கூர்மையாகிவிட்ட பிறகு இந்த இடைவெளி கைக்கே தெரிந்தது. 360 முறையையும் அனுப்பும் வழி பின்னர் சேர்க்கப்பட்டது.

வலு எவ்வளவு வேண்டும் என்பதிலும் தகராறு. 25 நியூட்டன் மீட்டர் என்றால் 30 சென்டிமீட்டர் ஸ்டீயரிங்கின் விளிம்பில் சுமார் 17 கிலோ. ஜிடி3 பந்தயக் கார்களில் பவர் ஸ்டீயரிங் இருப்பதால் அவற்றை ஓட்டுபவர்கள் அவ்வளவு போராடுவதில்லை. பவர் ஸ்டீயரிங் இல்லாத இண்டிகார், ஃபார்முலா 2 கார்களில்தான் தோள் வலிக்க மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அப்படியிருந்தும் பெரிய மோட்டார் வாங்குகிறவர்கள் சொல்லும் காரணம் வேறு. கணக்கு கேட்கும் விசை மோட்டாரின் எல்லையைத் தாண்டினால் அதற்குமேல் எல்லாம் ஒரே தட்டையாகிவிடும். கிளிப்பிங் என்று இதைச் சொல்கிறார்கள். வளைவின் நடுவே ஒரு சின்னப் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறினாலும், டயர் பிடிவிடத் தொடங்கினாலும், உச்சத்தில் முட்டிக்கொண்டிருக்கும் மோட்டாரால் அந்த ஏற்ற இறக்கத்தைக் காட்ட முடியாது. 25 நியூட்டன் மீட்டர் மோட்டாரை வாங்கி அதை 10, 12-ல் வைத்து ஓட்டுபவர்கள் நிறைய. மிச்ச வலு, உச்சத்துக்கு மேலே இடம்விட்டு வைப்பதற்காக. போட்டிகளில் வெல்லும் வேகமான சிம் ரேசர்கள் பலர் அதைவிடவும் குறைவாக, கை சோராத அளவில் வைத்து ஓட்டுகிறார்கள்.